அழுக்குப் பக்கத்துக்காரி

இது இருந்தால் உள்ளே வரலாம் என்று சொல்லி ஒருவரை உள்ளே விடுகிறோம். அப்போது உள்ளே வந்தது அந்த ஆளா, அந்த ‘இது’வா? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்த ஒருத்தியின் வாழ்க்கையை நினைத்தால் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. அவளிடம் பதில் இருந்ததா என்பது தெரியாது. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

எல்லோரும் அவளை டிராலி என்று கூப்பிட்டார்கள். வார்டுகளிலிருந்து இறங்கும் துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சரிவுப் பாதையில் அடித்தளத்துக்குக் கொண்டுபோவது அவள் வேலையில் பாதி. வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் மற்ற மூன்றோடு மனஸ்தாபத்தில் இருக்கும். அதை நேர்வழிக்குக் கொண்டுவந்து கொண்டுவந்தே அவளுக்குத் தோளும் தொடையும் உரமேறியிருந்தன. மீதிப் பாதி வேலை மூட்டைகளை அவிழ்த்துப் பிரிப்பது. போர்வை தனி, விரிப்பு தனி, அறுவைக்கூடத்துத் துணி தனி. சிவப்புப் பையாக இருந்தால் அவிழ்க்காமல் அப்படியே இயந்திரத்துக்குள் போட வேண்டும். துணிக்குள் என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பல்செட் இருக்கும், மூக்குக்கண்ணாடி இருக்கும், மூடி இல்லாத ஊசி இருக்கும். மனித உடம்பு தன் இஷ்டத்துக்கு வெளியே தள்ளுகிற எல்லாமும் இருக்கும். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல், ஏதோ காய்கறி ஆய்கிற மாதிரி ஆய்ந்துவிட்டுப் போவாள்.

அந்தக் கூடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. நடுவில் ஒரு சுவர். சுவரிலேயே பதித்த பெரிய இயந்திரங்களுக்கு இரண்டு பக்கமும் கதவு. இந்தப் பக்கம் அழுக்குத் துணியைப் போட்டால், அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து சுத்தத் துணியாக எடுத்துக்கொள்வார்கள். சுவரைத் தாண்டித் துணி போகலாம், ஆள் போகக் கூடாது. அழுக்குப் பக்கத்து ஆள் தெரியாமல் அங்கே காலெடுத்து வைத்தால்கூட மெமோ கொடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் ஜன்னல்கள் உண்டு, ரேடியோ உண்டு, இஸ்திரி உருளையில் சூடேறிய துணியின் வாசனை உண்டு. பெண்கள் விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்று மடிப்பார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் வட்டக் கண்ணாடி வழியாக அது இந்தப் பக்கம் மங்கலாகத் தெரியும்.

அவளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். ரேடியோவுக்காகவோ ஜன்னலுக்காகவோ இல்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்காக.

கணவன் அவளை விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவள் அக்கா வீட்டில்தான் இருந்தாள். இரண்டாவது மாடியில் ஒரு சின்ன வீடு. அக்கா, அத்தான், அவர்களுடைய மகள். அக்காவுக்குத் தங்கை மேல் உயிர். தங்கைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண்விழித்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. மகள் சின்னவளாக இருந்தபோது உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து, ஒரு வாரம் தூக்கமில்லாமல் அழுதாள். பார்த்த டாக்டர், வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டார். அவர் அதை அன்று மதியமே மறந்திருப்பார். அக்கா மறக்கவில்லை. அன்றிலிருந்து சட்டங்கள் வந்தன. பின்படி வழியாகத்தான் ஏறி வர வேண்டும். பால்கனிக் குழாயில், மருந்து கலந்த தண்ணீரில் முழங்கை வரை கழுவ வேண்டும். துண்டு தனி, தட்டு தனி, டம்ளர் தனி. சாப்பாடு பின்னறையில், ஸ்டூலில். மேஜையில் அவர்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டே பேசுவது அவள் காதில் விழும். நடுவே அவளும் ஏதாவது சொல்ல நினைத்தால் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்ல வேண்டியிருக்கும்.

“உன்னப் பாத்தா எனக்கு ஒண்ணும் இல்லடி. அந்த வேலைய நெனச்சாத்தான் வயித்தப் பெரட்டுது” என்பாள் அக்கா.

“கையக் கழுவிட்டுத்தானக்கா வரேன்.”

“கழுவின கைதான். அதுக்கு முன்னாடி எதத் தொட்ட கைன்னு எனக்குத் தெரியுமே.”

அத்தான் நல்ல மனிதர், சண்டை பிடிக்காதவர். இரண்டு பேருக்கும் நடுவே பேப்பரை விரித்துக்கொண்டு அதன் பின்னாலிருந்து அக்காவிடம் பேசுவார். “எதுக்கு இவ்வளவு பேச்சு? அந்தப் பக்கம் மாத்திட்டாங்கன்னா முடிஞ்சுது. மேஜைல நாலாவது நாற்காலி சும்மாதான் கெடக்கு. அதுல நீ அயர்ன் பண்ண துணியத்தான் போட்டு வச்சிருக்க.”

“மாத்தட்டும். மொதல்ல மாத்தட்டும்” என்று அக்கா சொல்வாள். அதில் பொய்யில்லை. அவள் அந்த நாளுக்காக உண்மையிலேயே காத்திருந்தாள்.

அந்த நகரத்தில் வருடத்துக்கு ஒரு தடவை அலுவலகங்களுக்குள் ஒரு ஓட்டப் போட்டி நடக்கும். வெறும் ஓட்டம் இல்லை. கையில் வரைபடத்தைக் கொடுத்துவிடுவார்கள். தெருத்தெருவாகத் தேடி ஒவ்வொரு நிலையாகப் போக வேண்டும். ஓரிடத்தில் வாகன நிறுத்தக் கட்டடத்தின் படிகளில் மேலே வரை ஏற வேண்டும், இன்னோரிடத்தில் வலையில் தொங்கிக்கொண்டு சுவர் தாண்ட வேண்டும், இன்னோரிடத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகும் மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி மறுபக்கம் வர வேண்டும். ‘நகரத்தை வெல்வோம்’ என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு ஓடுவார்கள். நகரம் யாரிடமும் வம்புக்குப் போனதாகத் தெரியவில்லை. பால் வாங்கப் போகிறவர்களும் ஊன்றுகோலோடு ரோட்டைக் கடக்கிறவர்களும் ஒதுங்கி நின்று, தாங்கள் வெல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போட்டிக்கு இரண்டு விதிகள் முக்கியம். அணிக்கு நாலு பேர். ஒவ்வொரு நிலையிலும் நாலு பேரும் சேர்ந்தே போய் நிற்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் கணக்கில் சேராது. நாலு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பது முதல் விதியின் எண்ணம். பெண்களை ஒதுக்கக் கூடாது என்பது இரண்டாவதின் எண்ணம். இரண்டுமே நல்ல எண்ணங்கள். நல்ல எண்ணத்தை விதியாக எழுதி வைத்தால் மனிதர்கள் விதியை வைத்துக்கொண்டு எண்ணத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

சலவைக்கூடத்துக்கும் சமையல்கூடத்துக்கும் பொறுப்பான மேனேஜர் ஒருநாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அழுக்குப் பக்கத்து வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை.

“டிராலி, நீ ஓடுவியா?”

“ஏன் சார்? யாராவது தொரத்துறாங்களா?”

“போட்டிம்மா. ஆபீஸ்ல ஒரு லேடியும் வரமாட்டேங்குறாங்க. ஒருத்தருக்கு முட்டி வலியாம், ஒருத்தருக்கு மாமியாராம்.”

“எனக்கு ரெண்டும் இல்ல சார்.”

“அதான் உன்கிட்ட வந்தேன்.” கைக்குட்டைக்குள்ளிருந்தே பேசினார். “மடிக்கிற பக்கத்துல ஒரு அம்மா ரிட்டயர் ஆகுறாங்க. மொத மூணு எடத்துக்குள்ள நாம வந்துட்டா அந்த எடம் உனக்கு. நான் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“வரலன்னா சார்?”

“வரலன்னா... அப்புறம் பாக்கலாம்.”

அப்புறம் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

அணியில் மேனேஜரும் அவளும் போக, மற்ற இரண்டு பேரில் ஒருவன் ஆம்புலன்ஸ் டிரைவர். குரல் பெரிசு என்பதால் சைரன் என்று பெயர். இன்னொருவன் எக்ஸ்ரே எடுக்கும் பையன். அவன் வேலையே அவன் பெயர். காலையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பழகினார்கள். மேனேஜருக்கு ஓட வராது. வயிறு ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் போகும். அதற்கும் ஒரு வழி இருந்தது. இந்த மாதிரிப் போட்டிகளில் அணிக்காரர்கள் இடுப்பில் வார் கட்டி, ரப்பர் மாதிரி நீளும் கயிற்றால் ஒருவரோடொருவர் இணைத்துக்கொள்ளலாம். பலமுள்ளவர் முன்னால் ஓட, பலமில்லாதவர் இழுபட்டுக்கொண்டே வருவார். எக்ஸ்ரே முதலில், அடுத்து சைரன், அடுத்து அவள், கடைசியில் மேனேஜர் என்று வரிசை முடிவானது. கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்தினால் கயிறு கழன்றுவிடும்.

“வண்டிக்குப் பதிலா இப்ப என்னைய இழு” என்றார் மேனேஜர்.

“வண்டில மூணு சக்கரமாவது ஒழுங்கா ஓடும் சார்” என்றாள் அவள். சைரன் மைதானம் அதிரச் சிரித்தான்.

போட்டியன்று வெயில் ஏறும் முன்பே கிளம்பினார்கள். அன்று அந்தத் தெருக்களில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு மனித முயற்சியின் மேல் மதிப்பு வந்திருக்காது. எக்ஸ்ரே ஓடுகிற வேகத்தில் ஒரு பழக்கடையின் கூடையைத் தட்டிவிட்டான்; பழங்கள் சாக்கடை ஓரம் உருண்டன; திரும்பிப் பார்க்கவில்லை. தெம்புக்கென்று பையில் வைத்திருந்த பசை மாதிரியான இனிப்பை மேனேஜர் பல்லால் கிழித்து உறிஞ்சினார். காலிப் பையை ஒரு வீட்டு வாசலில் எறிந்தார். பிசுபிசுத்த விரல்களைத் தன் பனியனில் துடைக்காமல் அவளையும் அவரையும் இணைத்த கயிற்றில் துடைத்தார். அவர் மூச்சும் ஏப்பமும் இனிப்பின் வாடையும் அவள் பிடரியிலேயே வந்துகொண்டிருந்தன.

வாகன நிறுத்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. மேனேஜர் சுவரோரம் நின்றார்.

“கழட்டிட்டுப் போங்க சார்” என்றாள், என்ன நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டு.

“கழட்டித் திருப்பி மாட்ட நேரமாகும்மா. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.”

அவள் திரும்பிக்கொண்டாள். சத்தம் கேட்டது. முன்னால் நின்ற இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். சைரன் மட்டும், “சார், மழை வரும்போலருக்கு” என்றான். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தக் குலுக்கல் கயிறு வழியாக அவள் இடுப்புக்கும் வந்தது.

ஒவ்வொரு நிலையிலும் நாலு பேரின் புறங்கையிலும் முத்திரை குத்துவார்கள். மேனேஜர் தன் கையை நீட்டுவதற்கு முன்னால் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். “இதோ, எங்க லேடி இருக்காங்க.” வாசலில் அனுமதிச் சீட்டைக் காட்டுகிற மாதிரி. காட்டிவிட்டுக் கையைத் தன் கால்சட்டையில் ஒருதரம் தேய்த்துக்கொள்வார். சந்துச் சுவருக்குப் பிறகு கழுவப்படாத கை அது.

வடிகாலுக்கு வந்தபோது அவர்கள் நாலாவது இடத்தில் இருந்தார்கள். முன்னால் போன மூன்றாவது அணி ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்களுடையது. வடிகால் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். உள்ளே முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். தண்ணீர் என்பது மரியாதைக்குச் சொல்வது. எக்ஸ்ரே ஓங்கரித்தான். சைரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே வாந்தி எடுத்தான். அது மிதந்து மிதந்து பின்னால் வந்தது. மேனேஜர் கடவுளையும் போட்டி நடத்துபவர்களையும் மாறி மாறித் திட்டினார். அவளுக்கு அந்த வாடை ஒரு பொருட்டே இல்லை. தினம் காலையில் மூட்டை அவிழ்க்கும்போது வருகிற வாடைதான். நடந்துகொண்டிருந்தாள்.

பாதித் தூரத்தில், இருட்டில், சுவரோரம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் அணியின் பி.டி. டீச்சர். அவர்கள் கயிறு கட்டிக்கொண்டு ஓடவில்லை; மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். தொலைவில், வெளிச்சம் தெரிந்த மறுமுனையில் அவர்கள் குரல் கேட்டது. “டீச்சர், வந்துட்டீங்களா? வாங்க டீச்சர்!”

டீச்சருக்குக் கத்தக் குரல் வரவில்லை. “அக்கா... கம்பி இடுக்குல கால் மாட்டிக்கிச்சு. முறிஞ்சிருக்கும்போல. ஒரு கை குடுங்கக்கா.”

அவள் நின்றாள். கையைக் கொடுத்தாள். டீச்சர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏன் நின்னுட்ட?” என்றார் பின்னாலிருந்து மேனேஜர்.

“கால் மாட்டிருக்கு சார். ஒரு நிமிஷம்.”

“அவங்க டீம் வந்து பாத்துக்கும். நட.”

“அவங்களுக்குத் தெரியவே இல்ல சார்.”

மேனேஜர் நெருங்கி வந்தார். குரலைத் தாழ்த்தினார், டீச்சருக்குக் கேட்காதபடி. “இவங்கதான் இப்ப மூணாவது. இவங்க இங்க ஒக்காந்துட்டா நாமதான் மூணாவது. மடிக்கிற பக்கம் வேணுமா, வேணாமா?”

முன்னால் இருந்த இரண்டு பேரும் நிற்கவில்லை. வாடை தாங்காமல் வெளிச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். கயிறு நீண்டது. இன்னும் நீண்டது. அவள் இடுப்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். பிறகு அவள் கையை உருவிக்கொண்டு நடந்தாள்.

கயிறு இழுத்தது, அவள் என்ன செய்வாள் என்று சொல்லலாம். அப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அந்தக் கொக்கி கட்டைவிரல் அழுத்தினால் கழன்றுவிடும், அவளுடைய இன்னொரு கை சும்மாதான் இருந்தது. ஈரத்தில் வழுக்கியது என்றும் சொல்ல முடியாது. பிடித்துக்கொண்டிருந்தவரின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அந்தக் கையை உருவ வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் வாத்தியார்களில் ஒருவர் ஓடி வந்து கேட்டார். “எங்க டீச்சரப் பாத்தீங்களா?”

“வராங்க, வராங்க. நல்லா வராங்க” என்றார் மேனேஜர், மூச்சுவாங்கிக்கொண்டே சிரித்து.

அவள் அந்த வாத்தியாரைத் தாண்டி நடந்தாள்.

மூன்றாவது இடம் கிடைத்தது. மேடையில் மாலை போட்டார்கள். மைக் பிடித்தவர் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்து, அவள் முறை வந்ததும் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு சைரனைப் பார்த்தார். சைரன், “டிராலின்னுதான் சார் தெரியும்” என்றான். கடைசியில் ‘எங்கள் சலவைப் பிரிவுப் பெண்மணி’ என்று அறிவித்தார்கள், கைதட்டினார்கள். பிறகு மேனேஜர் பேசினார். இந்தப் போட்டி தனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான் என்றார். யாரையும் பின்னால் விட்டுவிட்டு வராமல் இருப்பது. பேசும்போது அவர் கண் கலங்கியது. அதுதான் மிகவும் கூசுகிறது, அவர் நடிக்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டத்துக்குப் பிறகு இவளையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். எக்ஸ்ரே சொன்னான்: “அந்த டீச்சர் இங்கதான் அட்மிட். காலுக்கு நான்தான் படம் எடுத்தேன். ரெண்டு எலும்பு போச்சு. என்னைய அடையாளமே தெரியல அவங்களுக்கு. ‘தம்பி, மெதுவாப்பா’ன்னாங்க.”

“அடையாளம் எப்படித் தெரியும்? அங்க எல்லார் மூஞ்சியும் சாக்கடைதானே” என்றான் சைரன்.

“காயத்துல அந்தத் தண்ணி ஏறிருக்காம். ஒரு கால்விரல எடுத்துடுவாங்கன்னு டாக்டர் சொல்றாரு.”

“ஒரு விரல்தானே? பி.டி. டீச்சருக்கு விசில் இருந்தாப் போதும்பா.”

மேனேஜர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். “போதும்டா, பாவம்” என்றும் சொன்னார். அவள் தன் டம்ளரில் மிச்சம் இருந்ததைக் கீழே ஊற்றினாள். அவ்வளவுதான் செய்தாள்.

மாறுதல் உத்தரவு வரச் சில வாரம் ஆனது. அதுவரை அழுக்குப் பக்கத்திலேயே வேலை. எலும்பு வார்டு மூன்றாவது மாடியில். மூட்டைகளை எடுக்கத் தினமும் அந்த வார்டின் கதவு வரை போவாள். கதவில் கண்ணாடி உண்டு. உள்ளே ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆனால் அந்த வார்டிலிருந்து வரும் மூட்டைகளை உடன் வேலை பார்க்கும் பெண் அவிழ்க்கப் போனால், “அத வை, நான் பாத்துக்கறேன்” என்று வாங்கிக்கொள்வாள். சீழும் ரத்தமும் காய்ந்து விறைத்துப் போன துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவாள். இதைக் கேட்டதும் அவளை நல்லவள் என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அவசரம் வேண்டாம். டீச்சருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. விரலை எடுத்துத்தான் விட்டார்கள்.

உத்தரவு வந்தது. சுத்தப் பக்கத்துப் பெண்கள் அவளை நன்றாகவே ஏற்றுக்கொண்டார்கள். “இங்க வண்டி தள்ள வேணாம் டிராலி, வாய் மட்டும் ஓடினாப் போதும்” என்றாள் ஒருத்தி. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளும் மடித்தாள். வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இப்போது அழுக்குப் பக்கம் தெரிந்தது. அவள் பார்க்கிற ஜாதி இல்லை.

அன்று மாலை அக்கா வீட்டில் கல்யாணக் களை. நாலாவது நாற்காலியிலிருந்த துணிகள் இடம் மாறியிருந்தன. மற்ற தட்டுகளைப் போலவே புதுத் தட்டு ஒன்று வாங்கியிருந்தார்கள். போட்டியில் எடுத்த படத்தை அக்கா சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள். தங்கையின் கையைப் பிடித்து முகர்ந்தாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் அந்தக் கையைத் தொட்டாள்.

“பாருங்களேன், சோப்பு வாசன வருது” என்று அத்தானிடம் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“உங்க அக்கா இனிமே சோப்புக்குப் பதிலா உன் கையத்தான் வச்சுக் குளிப்பா” என்றார் அத்தான், பேப்பரை மடித்துவைத்துவிட்டு. அவர் பேப்பரை மடித்ததே பெரிய மரியாதை.

மகள் சித்திக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். “மூணாவது வந்தீங்களே, அடுத்த வருஷம் மொதல்ல வருவீங்களா சித்தி?”

அவள் கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “மூணாவது வந்ததே ஒருத்தி விழுந்ததாலதான். வடிகாலுக்குள்ள கால் மாட்டி ஒக்காந்திருந்தா. கை குடுங்கக்கான்னா. குடுத்தேன். அப்புறம் எடுத்துட்டு வந்துட்டேன்.”

அக்காவின் கரண்டி நின்றது. தங்கை தலையை நிமிர்த்தி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

“எடுத்துட்டுன்னா?” என்றாள் அக்கா.

“அவ பிடிச்சிருந்தா. விரல விலக்கிட்டு வந்தேன். நின்னிருந்தா எனக்கு அந்தப் பக்கம் கெடச்சிருக்காது. அவளுக்கு இப்ப ஒரு விரல் இல்ல.”

“ஐயோ பாவம்” என்றாள் அக்கா. ஒரு கணம்தான். பிறகு கரண்டி நகர்ந்தது. “விடுடி. போட்டின்னா அப்படித்தான் இருக்கும். அவ எடத்துல நீ இருந்தா அவ மட்டும் நின்னிருப்பாளா? சாப்பிடும்போது இதையெல்லாம் எதுக்கு நெனக்குற? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ.” சொல்லிக்கொண்டே தன் தட்டிலிருந்து நல்ல துண்டாக எடுத்துத் தங்கையின் தட்டில் வைத்தாள். கையாலேயே எடுத்து வைத்தாள். தங்கையின் கை எதைத் தொட்ட கை என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

“ஆமா ஆமா. போட்டில எறங்கினவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுதான் எறங்குறாங்க” என்றார் அத்தான்.

மகள் அடுத்த வருடத்தைப் பற்றி மறுபடி ஏதோ கேட்டாள். பேச்சு வேறு பக்கம் போனது. தங்கை தட்டில் இருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

அடுத்த வாரம் அவள் அந்த வீட்டைவிட்டுப் போனாள். ஊரின் மறுகோடியில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, தனி அறை. வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சுத்தப் பக்கத்து வேலையை விடவில்லை. திரும்ப மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. டீச்சரைப் பார்க்கப் போனதாகவும் தெரியவில்லை.

கிளம்பும்போது அக்கா பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். “நான் என்னடி குறை வச்சேன்? இத்தன வருஷம் கழிச்சு இப்பத்தானே எல்லாம் சரியாச்சு. இப்பப் போய் எதுக்குடி?”

“ஒண்ணும் இல்லக்கா” என்றாள்.

அக்கா இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தங்கை விடுமுறை நாட்களில் வருகிறாள், அக்கா மகளுக்கு ஏதாவது வாங்கி வருகிறாள், அக்காவோடு சிரித்துப் பேசுகிறாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் எழுந்துவிடுகிறாள்.